புதுப்பிப்பு: மேசன் ஆற்றங்கரை உருண்டைக் கற்களைத் திறந்த முறையும் உள்ளே இருந்த தாவரங்களும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மேசன் ஆற்றங்கரையில் கிடைத்த செம்பழுப்பு உருண்டைக் கற்களைச் சேதமின்றித் திறப்பது எப்படி, உள்ளே புதைபடிவமாக (கல்லில் பதிந்த பழங்காலத் தடமாக) இருப்பது எந்தத் தாவரம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது உறையவைத்து உருக்கும் யோசனைதான். இவை சிடரைட், அதாவது இரும்புக் கார்பனேட் கற்கள். பிளாஸ்டிக் வாளியில் பல நாள் தண்ணீரில் ஊறவிட்டு, வாளியோடு ஃப்ரீசரில் வைத்து, முழுக்க உறைந்ததும் வெளியே எடுத்து உருகவிட வேண்டும்; பிளக்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். புதைபடிவம் கிடக்கும் தளம்தான் பெரும்பாலும் கல்லின் பலவீனமான இடம். அங்கே புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லைப் பிரிக்கிறது. ஊறல் போதாவிட்டால் கல் அசையாது. மெல்லிய கீறல் விழுந்த பிறகு விளிம்பில் லேசாகத் தட்டலாம். நடுவில் ஓங்கி அடித்தால் இலை குறுக்கே உடையும், அது பெரிய இழப்பு.

கணுவைச் சுற்றி நட்சத்திரம்போல் இலைகள் இருந்தது அன்னுலேரியா, அதாவது கலமைட்டிஸ் என்ற அழிந்துபோன மரத்தின் இலைக்கொத்து. சிற்றிலையின் அடி முழுவதும் காம்போடு ஒட்டியிருந்தது பெக்காப்டெரிஸ் என்ற பெரணி வகை இலை. வயது ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகள்.

எதிர்பாராதது படிவத்தின் மேல் இருந்த வெள்ளைப் படலம். ஓரத்தில் ஒரு துளி வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. எனவே அது வினிகரில் நுரைக்கும் சுண்ணக் கனிமமான கால்சைட் அல்ல. இக்கற்களில் வழக்கமாக வரும் கேயலினைட் என்ற வெள்ளைக் களிமண் கனிமம். மிக மென்மையானது, தேய்த்தால் இலையின் நரம்புக்கோடுகளும் போய்விடும், அப்படியே விட்டுவிடுங்கள். பல கற்கள் வெறுமையாகவே பிளந்தன. படிவமுள்ளவற்றின் இரு பாதிகளுக்கும் ஒரே எண் இட்டுச் சேர்த்து வையுங்கள்.