இரண்டு யாகி ஏற்றியும் சிக்னல் குறைகிறதே, ஏன்?

வணக்கம். அமெச்சூர் ரேடியோவுக்காக 145 மெகாஹெர்ட்ஸ் யாகி (ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா) இரண்டை, படுக்கைவாட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மொட்டை மாடியில் ஏற்றியிருக்கிறேன். இரண்டு பக்கமும் 75 ஓம் கேபிள், முக்கால் அலை நீளம். திசைவேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை செல்லும் வேகம்) 0.66 என்று கணக்கிட்டு 102 செ.மீ.க்கு வெட்டினேன். நடுவில் இரண்டையும் சேர்க்கும் டீ (T) இணைப்பி. எஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் கச்சிதம்) 1.2, அதில் குறையில்லை. ஆனால் 60 கி.மீ. தள்ளியிருக்கும் நண்பருக்கு ஒற்றை யாகியிலேயே நன்றாகக் கேட்டதாம்!

இன்று பைனாகுலரில் பார்த்தால், மேல் ஆன்டெனாவின் காமா கம்பி (கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் கம்பி) இடப்பக்கம், கீழே வலப்பக்கம். (மாட்டியது நானேதான்.) இரண்டின் அலைகளும் 180 டிகிரி எதிரெதிராகி ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதோ?

மாஸ்டை இறக்க நாலு ஆள் வேண்டும். அதற்குப் பதில் கீழ் ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் மட்டும் இன்னொரு அரை அலை, அதாவது 68 செ.மீ., அதே கேபிளைக் கூட்டினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.