பெர்ன்கோப் அட்லஸை அறுவை மருத்துவர் இன்று பயன்படுத்தலாமா?

கேள்வி: அறுவை மருத்துவ மாணவி

அனைவருக்கும் வணக்கம். வியன்னாப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் எடுவார்ட் பெர்ன்கோப் 1933-இல் தொடங்கிய அட்லஸ், அதாவது மனித உடலின் உள்ளமைப்பை ஓவியங்களால் காட்டும் படநூல், நரம்புக் கிளைகளைக் காட்டும் நுட்பத்தில் இன்றைய நூல்கள் பலவற்றை விஞ்சி நிற்கிறது. ஆனால், நாஜி ஆட்சியில் மரண தண்டனைக்கு உள்ளான குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அவருடைய நிறுவனத்திற்குக் கொண்டுவரப்பட்டன என்று அப்பல்கலைக்கழகமே நடத்திய விசாரணை 1998-இல் வெளிப்படுத்தியதை அறிந்த பிறகு, அதைத் திறக்கவே மனம் கூசுகிறது. நோயாளியின் நலனுக்காக அதைப் பயன்படுத்துவது அறமாகுமா?

பதில்: உடற்கூறியல் ஆசிரியர்

கூடாது என்பதே என் கருத்து. 1938-இல் மருத்துவப் பிரிவின் தலைவரான பெர்ன்கோப், யூத ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டதில் முன்னின்றவர். அட்லஸின் ஓவியர்களில் எரிக் லெப்பியர் தம் கையொப்பத்தோடு நாஜிச் சின்னமான சுவஸ்திகாவையும், கார்ல் எண்ட்ரெஸர் தம் பெயருக்குள் நாஜிகளின் எஸ்எஸ் படையின் குறியையும் வரைந்தார்கள். பிற்காலப் பதிப்புகளில் அக்குறிகள் அழிக்கப்பட்டன. உடல்கள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் வாசகருக்குச் சொல்லப்படவில்லை. இந்த மறைப்பையும் நான் குற்றமாகவே கருதுகிறேன்.

பதில்: மருத்துவ அறவியல் படிப்பவர்

ஆசிரியரின் சினம் நியாயமானது. முடிவில்தான் நான் வேறுபடுகிறேன். நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் கைதிகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திச் செய்த சோதனைகளைப் பற்றிய விவாதத்தில், அவை அறிவியலாகவே தேறாதவை என்று காட்டி ஒதுக்கிவிட முடிகிறது. பெர்ன்கோப் படங்களிலோ அந்த வழி அடைபட்டிருக்கிறது, ஏனெனில் அவை துல்லியமானவை. ஆகவே, கொடுமையிலிருந்து வந்த உண்மையான பயனை என்ன செய்வது என்ற கேள்வியை நாம் நேராகவே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சூசன் மெக்கினன் இந்தக் கேள்வியால் உண்மையிலேயே அலைக்கழிக்கப்பட்டவர். இதற்கு விடையாக, பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து குழந்தையாக உயிர்தப்பிய யூதக் குரு ஜோசப் போலக் 2017-இல் எழுதியதே வியன்னா நெறிமுறை. உயிரைக் காப்பது ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளுக்கும் மேலானது என்னும் யூதச் சமயச் சட்டத்தின்படி, படங்களைப் பயன்படுத்த அவர் இசைகிறார். ஆனால், அவை எப்படி உருவாயின என்பதை வெளிப்படையாக அறிவித்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்கிறார். பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் ஒருவர் இவ்வளவு கடினமான இசைவைத் தந்திருக்கும்போது, அந்த நிபந்தனையைச் சடங்காகக் குறைத்துவிட நமக்கு உரிமையில்லை.

பதில்: வரலாற்று மாணவர்

ஒரு தயக்கம். கொல்லப்பட்டவர்களில் பலர் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். யூதர்கள் அவர்களில் மிகச் சிலரே. அப்படியிருக்க, யூதச் சமயச் சட்டம் தரும் இசைவு அவர்கள் அனைவருக்கும் எப்படிப் பொருந்தும்? குரு போலக்கின் விடையை மதிக்கிறேன், ஆனால் இறந்தவர்களின் சம்மதமாக அதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து நேர்ந்து, வேறு நூல் உதவாதபோது மட்டும் பார்க்கலாம். வகுப்பில் அன்றாடப் பாடப்படமாக வைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நோயாளியிடம் இதை எப்போது சொல்வது?

பதில்: மருத்துவ அறவியல் படிப்பவர்

அறுவைக்கு இசைவு பெறும் உரையாடலிலேயே சொல்லுங்கள், அம்மா. படத்தின் பின்னணியைக் கேட்டு அவர் மறுத்தால், அதைத் திறக்காமலேயே அறுவையைத் திட்டமிடுங்கள். அறுவைக்கு நடுவில் தேவை எழுந்து முன்கூட்டிச் சொல்ல இயலாமல் போனால், அவர் நினைவு திரும்பிய பின் நீங்களே நேரில் சொல்லி, எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்பதை அறுவைக் குறிப்பிலும் எழுதுங்கள்.