கப்பல்ல சொந்த ஒயின் கொண்டுபோனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். அப்பா அம்மாவோட 40-வது கல்யாண நாளுக்குப் பாளையங்கோட்டையில இருந்து சிங்கப்பூர் போய், அங்க சொகுசுக் கப்பல் ஏறுதோம். பெரியவங்க ஆளுக்கு 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில், சீல் உடைக்காம, ஏறுத அன்னைக்குக் கைப்பையில கொண்டுபோகலாமாம். கப்பல் டைனிங் ஹால்ல வச்சுக் குடிச்சா மூடி திறக்கவே தனிக் காசு!

விமானத்துல கைப்பையில 100 மில்லிக்கு மேல விடமாட்டான். அப்போ பெரிய பெட்டியில சேலைக்குள்ள சுத்தித்தான் வைக்கணும். உடையாம கொண்டுபோனவங்க உண்டா? இல்ல, சாங்கி ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயிலயே வாங்கிரலாமா?

அம்மா வேற, கிறிஸ்மஸுக்குச் சாடியில ஊறவச்ச திராட்சை ஒயினை ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி, வாயில துணி கட்டி ரெடியா வச்சிருக்காவ. சீல் இல்லாம ஏத்தமாட்டான்னு சொன்னா கேக்கணுமே! போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க.