விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்வது?

தாத்தா வழி வந்த 3 ஏக்கர், இன்னும் பாகம் பிரிக்கவில்லை, அப்பா 2003இல் இறந்துவிட்டார். இப்போது அண்ணன், எங்கள் பங்கை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் என்னிடமும் அக்காவிடமும் கையெழுத்துக் கேட்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் சம பங்கு, அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அக்காவுக்கும் இது தெரியும். ஆனால் தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர் வராவிட்டால் மண்டபத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது என்று அழுகிறாள். பத்திர நகலில் 'மனப்பூர்வமாக' என்று இருந்ததைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் பதிவாம். உறவு முறியாமல் பாகம் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், வீட்டில் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்? அப்புறம், பெண்களுக்கு இலவசமாக உதவும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.