தூக்கம் கெட்டால் எல்லாமே கெடுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாக நடக்கிறேன். சாப்பாடும் ஓரளவு ஒழுங்குதான்.

சிக்கல் வேறு இடத்தில். வேலையில் ஒரு மனக்கசப்பு வந்தால் போதும், அன்று ராத்திரி தூக்கம் போச்சு. மறுநாள் காலையில் ஷூவைக் கையில் எடுத்து, அப்படியே திரும்ப வைத்துவிடுகிறேன். அப்புறம் பதினொரு மணிக்கெல்லாம் இனிப்பைத் தேடிக் கை போகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு கூடலாம் என்பது தெரியும். தெரிந்து என்ன பயன்?

இந்தச் சங்கிலியை நீங்கள் எந்த இடத்தில் அறுத்தீர்கள்? தூக்கத்திலா, நடையிலா? மாலைக் காபியை நிறுத்தியும் பார்த்துவிட்டேன். "மனசைத் தளர விடாதே" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.