ப்ரிசர்வேஷனுக்கு 'பாதுகாப்பு' வேண்டாமே, 'கிடப்புப் பேணல்' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஸ்டோர்ஸ் தமிழ்ச் சொற்பட்டியல்ல ப்ரிசர்வேஷனுக்கு (சைட்டுக்கு வந்த சாமானை, பொருத்துற வரைக்கும் கெடாம அப்பப்ப கவனிச்சுக்கிற வேலைக்கு) நேரா 'பாதுகாப்பு'ன்னு போட்டிருக்கு, அதை மாத்தணும்னு கேட்டுக்கறேன். ப்ராஜெக்ட் சைட்ல பாதுகாப்புன்னா ஒண்ணு ஹெல்மெட், பெல்ட் சமாச்சாரம், இல்ல கேட்ல நிக்கிற செக்யூரிட்டி. அதுலயே இதையும் ஏத்தினா 'பாதுகாப்பு பண்ணியாச்சா'ன்னு கேக்கும்போது 'தார்ப்பாய் மூடி கயிறு கட்டியாச்சு சார்'னுதான் பதில் வரும். சொன்னவர் மேல தப்பு கிடையாது, அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

பவர் பிளான்ட் மாதிரி வேலைல சாமான் வந்து இறங்கினப்புறம் ஃபவுண்டேஷன் ரெடியாக ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரைக்கும் மோட்டாருக்கு உள்ள ஈரம் சேராம இருக்க ஸ்பேஸ் ஹீட்டர் கனெக்‌ஷன் கொடுத்து அப்பப்ப மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வெச்சுப் பாக்கணும், ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல துருப் பிடிக்காம அடைச்சு வெச்ச நைட்ரஜன் பிரஷர் இறங்குதான்னு கேஜ் பாத்து எழுதணும், பேனல் உள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸாச்சுன்னா மாத்தணும், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பை கார்பன் ஸ்டீலோட ஒட்ட விடாம தனியா கட்டை மேல அடுக்கணும்.

நான் கண்ணால பாத்தது ஒண்ணு. ஒரு சைட்ல பம்பு ஒண்ணு பேக்கிங் பிரிக்காம எட்டு மாசம் ஷெட்டுக்குள்ள பத்திரமா இருந்துச்சு, பக்கத்துல அஸ்திவாரத் தூண் இறக்குற பைலிங் ரிக் நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருந்தது. ஓட்டின அன்னைக்கே பேரிங்ல கரகரன்னு சத்தம். பிரிச்சா உள்வளையத்துல உருளைக்கு உருளை என்ன இடைவெளியோ அதே இடைவெளில வரிசையா பள்ளம், நகத்தை வெச்சு இழுத்தா ஒவ்வொண்ணுலயும் தட்டுச்சு. ஒரு நாள்கூட ஓடாத பேரிங்! நின்ன இடத்துலயே அதிர அதிர கிரீஸ் விலகி இரும்பும் இரும்பும் உரசியிருக்கு. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்ல சாக்பீஸ் கோடு போட்டு வாரம் ஒருக்கா ஒண்ணேகால் சுத்து சுத்தி விட்டிருந்தா (முழுச் சுத்துன்னா பழைய இடத்துலயே வந்து நின்னுடும், அதுக்குத்தான் அந்தக் கால்) இந்த அளவுக்குப் போயிருக்காது. அந்தப் பம்புக்கு 'பாதுகாப்பு' குறைவில்லாம இருந்துச்சு, பேணத்தான் ஆளில்ல.

அதான் 'பேணல்'ங்கிறேன். விதைநெல்லைக் குதிர்ல கொட்டி மறந்துடுறதில்லையே, இடையில எடுத்து வெயில் காட்டித் திரும்பப் போடுவாங்க, அந்த மாதிரி திரும்பத் திரும்ப ஒருத்தர் கை படணும்ங்கிறது பேணுறதுலயே இருக்கு. 'பராமரிப்பு' ஓடுற மெஷினுக்கு நிலைச்சுப் போச்சு, அதைக் கலைக்க வேண்டாம். முன்னாடி ஒருத்தர் சொன்ன 'இருப்புப் பேணல்' கேக்க நல்லா இருந்தாலும் ஸ்டாக் குறையாம பாத்துக்கிறதுன்னுதான் ஸ்டோர்கீப்பர் எடுத்துக்குவார், இருப்புன்னாலே அவருக்கு லெட்ஜர்ல இருக்கிற எண்ணிக்கைதான்.

அதனால 'கிடப்புப் பேணல்'. ஃபைலைக் கிடப்புல போடுறதுன்னு கெட்ட வாடை அடிக்குமேன்னு நானும் யோசிச்சேன். ஆனா யார்டுல சாமான் 'கிடக்குது'ன்னுதான் எல்லாரும் பேசுறோம், சாமானை இறக்கி வெக்கிற அந்த லேடவுன் யார்டுக்கும் 'கிடப்பு முற்றம்'னு வெச்சா ரெண்டும் ஜோடியா நிக்கும். டேக்ல எழுத 'பேணல்' மட்டுமே போதும்: பேணல் அட்டை, பேணல் பதிவேடு, அடுத்த பேணல் தேதி.

ஸ்டோர்ஸ்ல இருக்கிறவங்க இந்த மூணையும் உங்க ஆளுங்ககிட்ட ஒரு வாரம் சொல்லிப் பாருங்க, விளக்கம் கேக்காம புரிஞ்சுக்கிறாங்களான்னு எழுதுங்க.