ஹாம் ரேடியோ: 40 மீற்றர் பான்டில் பின்னேரம் மட்டும் இரைச்சல், வியாழக்கிழமை இல்லை (திருகோணமலை)

ஜமாலியாப் பக்கம் இருக்கிறேன். கூரைக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் 40 மீற்றர் பான்டுக்கு (7 மெகாஹேர்ட்ஸ்) டைபோல் என்கிற கம்பி அன்ரெனா ஒன்று கட்டியிருக்கிறேன், 100 வாட் ஹாம் செட். காலையில் எஸ் 3 அளவில் (செட்டின் மீற்றர் காட்டுகிற சத்த அளவு) கிடக்கிற பான்ட், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எஸ் 9க்கு ஏறி, தமிழ்நாட்டு ஹாம் ஆட்கள் பேசத் தொடங்குகிற நேரம் பார்த்து எல்லாக் குரலையும் விழுங்கிவிடுகிறது. பொழுதுபடும்போது சட்டென்று நின்றுவிடும். வியாழக்கிழமை பின்னேரங்களில் மட்டும் வருவதே இல்லை. எந்த அதிர்வெண்ணில் சத்தம் என்று காட்டுகிற வாட்டர்ஃபோல் திரையில் 60, 65 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு தடித்த கோடு, ஒரு இடத்தில் நிற்காமல் மெல்ல நகருகிறது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பற்றரியில் செட்டை ஓட்டினாலும் அப்படியே. முன்பு ஜெர்மன் வானொலி டொய்ச்ச வெல்ல இங்கே நடத்திய ஒலிபரப்பு நிலையம் காரணமாக இருக்குமா?

உப்புக்காற்று:
தம்பி, கடற்கரை ஊர். லைற் போஸ்ட் இன்சுலேட்டரில் உப்புப் படிந்து பொறி பறக்கும். எனக்கு அதுதான் நடந்தது, ஒரு நல்ல மழை பெய்தவுடன் போய்விட்டது.

பழைய வயர்மேன்:
இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். பெரிய ஒலிபரப்பு நிலையம் செட்டை அமுக்கினால் பேச்சோ பாட்டோ ஊடே கேட்கும். கம்பத்தில் பொறி பறந்தால் அது 100 ஹேர்ட்ஸ் கரகரப்பு, நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கும், பான்ட் முழுக்கப் பரவியிருக்கும், இப்படிக் கோடு கோடாக வராது. ஒழுங்கான இடைவெளியில் கோடும் அது சூட்டோடு நகருவதும் என்றால் சுவிட்ச் மோட் பவர் சப்ளைதான், கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டி மாற்றுகிற சாமான். எல்இடி, சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர், இதில் ஒன்று. சோலார் என்றால் காலையிலும் இருக்க வேண்டும், அதை விடுங்கள்.

மீடியம் வேவ் வருகிற சின்ன ரேடியோ ஒன்றை எடுத்து, நிலையம் இல்லாத இடத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். உள்ளே அன்ரெனாவாக இருக்கிற பெரைற் (காந்தப் பொருள்) தண்டின் முனை சத்தம் வருகிற பக்கத்தை நோக்கும்போது சத்தம் செத்துவிடும். இரண்டு இடத்தில் நின்று பார்த்துக் கோடு கீறினால் வெட்டுகிற இடம் தெரியும். ஆனால் கரண்ட் வயர் வழியே இரைச்சல் தெரு முழுக்க ஓடும், ஒவ்வொரு போஸ்ட்டும் குற்றவாளி மாதிரியே இருக்கும். அதனால் கிட்டப் போகப் போக அதிர்வெண்ணைக் கூட்டுங்கள். விமானங்கள் பேசுகிற பான்டை ஏஎம்மில் கேட்கிற ரிசீவர் இருந்தால் நல்லது, 120 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மூலத்துக்கு மிக அருகில்தான் கேட்கும். போஸ்ட்டைத் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். கம்பம்தான் என்று தெரிந்தால் அதன் இலக்கத்தோடு மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம்.

கொட்டியாரத்தான்:
வியாழன் பின்னேரம் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லையா? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக வியாழன் இரவு கடலுக்குப் போகாத ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் பொழுதுபடப் போட் வெளிக்கிடும், அதற்கு முன் பற்றரி சார்ஜில் கிடக்கும். அக்கம்பக்கத்தில் போட்காரர் யாரும் உண்டா மச்சான்?

கேட்டவர்:
உண்டு! ரேடியோவும் அங்கேதான் கொண்டுபோனது. இரண்டு வளவு தள்ளி, மதிலோரத் தகரக் கொட்டிலில் நானா ஒருவர் ஜிபிஎஸ்ஸுக்கும் லைற்றுக்கும் பற்றரி சார்ஜ் போடுகிறார். சார்ஜரிலிருந்து பற்றரிக்கு நீள வயர், நிலத்தில் வளைந்து வளைந்து கிடக்கிறது, நல்ல அன்ரெனா. அவரே பெட்டியைக் கழற்றிக் காட்டினார். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் இரைச்சலைத் தடுக்கிற பில்டர் சோக் சுருளுக்குப் பலகையில் துளையும் படமும் இருக்கிறது, சுருள் இல்லை, இரண்டு வெற்றுக் கம்பித் துண்டுகளை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

பழைய வயர்மேன்:
காசு மிச்சம் பிடிக்கிற வழக்கமான வேலை அது. 31 கலவை என்கிற வகைப் பெரைற் வளையம், பெரிதாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். கரண்ட் வயரை ஒன்றிலும் பற்றரி வயர் இரண்டையும் சேர்த்து மற்றதிலும் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, சார்ஜருக்கு ஒட்டினாற்போல வையுங்கள். கௌவி வைக்கிற சின்னப் பெரைற் 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு சுற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சுற்று இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நாலு மடங்கு. பெட்டிக்குள் கைவைக்காதீர்கள், கரண்ட்டைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கலாம்.

கொட்டியாரத்தான்:
பழைய ட்ரான்ஸ்போமர் சார்ஜர் கிடைத்தால் நானாவுக்கு அதையே கொடுத்துவிடலாம். கனம்தான், இந்தக் கோடெல்லாம் வராது. ஆனால் பற்றரி நிரம்பினால் தானாக நிற்காத சாமான், அதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்:
வளையம் இரண்டும் போட்டாயிற்று. சார்ஜ் ஓடும்போதே எஸ் 4, நேற்றுப் பின்னேரம் தூத்துக்குடிக்காரர் ஒருவரோடு பேசினேன். 20 மீற்றர் பான்டில் 14.2 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு மட்டும் மிச்சம். நானா சொன்னார், இந்தச் சார்ஜரைப் போட்டால் தன் கொட்டில் ரேடியோவும் இரைகிறதாம், ரேடியோதான் பழுது என்று வைத்திருந்தாராம்.

பழைய வயர்மேன்:
20 மீற்றர் பான்டில் மிஞ்சிய கோட்டுக்குப் பற்றரி வயரைக் கட்டையாக்கிப் பாருங்கள், இரண்டையும் முறுக்கிவிடுங்கள். போகாவிட்டால் அது வேறு வீட்டுச் சாமான், சின்ன ரேடியோவோடு திரும்ப ஒரு சுற்று.